இருக்கு, தரமாட்டேன்

எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். சரக்குத் தீர்ந்துபோயிருந்தால் ‘வரணும்’ என்பார். சரக்கு இருந்து, கொடுக்க மனமில்லை என்றாலும் ‘வரணும்’தான். கேட்டவருக்கும் முகம் சுருங்காது, கடைக்கும் குறை வராது. சங்கரன்கோவிலில் அப்படித்தான் வியாபாரம் நடந்துவந்தது. அதை உடைத்தவள் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் நின்ற பெண். அவள் சொல்கிற விதமே வேறு. “இருக்கு. தரமாட்டேன்.”

முதல் தடவை அதைக் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தைலம் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் தறி ஓட்டுகிற ஒருவர் சளியும் காய்ச்சலுமாக நின்று, பழைய அட்டை ஒன்றைக் காட்டி நாலு மாத்திரை கேட்டார். எல்லாக் கடையிலும் கத்தரித்துக் கொடுக்கிற மாத்திரைதான்.

“இருக்கு அண்ணாச்சி. தரமாட்டேன்.”

“இருக்குங்கெ, பொறவு தரமாட்டேங்கெ. என்ன தாயி, வெளையாடுதியா?”

“இந்தச் சளிக்கு அது கேக்காது. ஆஸ்பத்திரில காட்டிட்டுச் சீட்டு கொண்டாங்க, தாரேன்.”

“அங்கன போயி வரிசையில நின்னா அரைநாள் கூலி போவும்.”

அவள் முகத்தில் கோபமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. ஒரு விரலால் அந்த அட்டையை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“சரி போ, அடுத்த கடையில வாங்கிக்கிடுதேன்.”

“வாங்கிக்கிடுங்க. நான் தரமாட்டேன்.”

அவர் வைதுகொண்டே போனார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நினைத்தேன். பத்து நாள் இருக்கும், அதே ஆள் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதே கடை முன்னால் நின்றார். பிள்ளையின் காதைத் திருப்பி அவளிடம் காட்டிக்கொண்டிருந்தார். கொடுக்கமாட்டேன் என்றவளிடம் எதற்குத் திரும்பி வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் நாலு தறி ஓடியது. கேட்டு வந்தவர் யாரும் என் வாசலிலிருந்து வெறுங்கையோடு போனதில்லை. கறிவேப்பிலை கேட்டால் குழம்பும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறவள் நான். அப்படியிருந்தும் என்னிடம் வருகிறவர்கள் வாங்கியதும் போய்விடுவார்கள். அவளிடம் வருகிறவர்கள் வாங்காமலே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசுதேவநல்லூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர்க்காரி. காலை பஸ்ஸில் வருவாள், விளக்கு வைத்த பிறகு பஸ்ஸுக்குப் போவாள். கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். கடை அவளுடையது இல்லை. முதலாளி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். “ஏம்மா, வாற ஏவாரத்த இப்படி வெரட்டுதியே” என்று அவர் முனகினால், சுவரைக் காட்டி, “சர்டிபிகேட் என்னுதுல்லா அண்ணாச்சி” என்பாள். அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது, அதனால் அவரே அவளுக்குப் பயந்துதான் இருந்தார்.

அவள் கன்னம் இரண்டும் பழைய பருத் தழும்பால் குழி விழுந்து கிடக்கும். முதல் தூறல் விழுந்த புழுதி எப்படி இருக்குமோ அப்படி. பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை. பட்டப்பகலிலும் தலைக்கு நேர் மேலே டியூப்லைட்டை எரியவிட்டு அதன் கீழேதான் நிற்பாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நிமிர்வா என்று நான் நினைத்ததுண்டு.

இனி என் மகள் கோமதியைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பையன்களுக்குப் பிறகு, இனிக் கிடையாது என்று இருந்தபோது பிறந்தவள். பதினொன்றாம் வகுப்பு போகிறவரைக்கும் நான்தான் தலை சீவிவிட்டேன். அந்த வருஷம் முகத்தில் பரு வந்தது. எல்லாப் பெண்களுக்கும் வருகிற மாதிரி ஒன்று இரண்டு இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சிவந்து, சீழ் கட்டி, ஒன்று ஆறினால் பக்கத்தில் இரண்டு எழும்பும். இழுத்துச் சீவினால் முகம் தெரிகிறது என்று என்னைச் சீப்பைத் தொடவிடமாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நின்றபோது இவள் மட்டும் போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் கோவில் புற்றுமண்ணுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அதைக் குழைத்துப் பூசினேன். வேப்பிலை அரைத்துப் போட்டேன். சந்தனம் உரசிப் போட்டேன். கொஞ்ச நாள் முகத்தைக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள், “ஊருக்கெல்லாம் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலம்மா” என்று கழுவிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நான் கை நீட்டினாலே தட்டிவிடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிரீம் பெயர் சொன்னாள். ஒரு வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளவென்று ஆகிவிடுமாம். கடைக்குப் போகச் சொல்லி மகளை விரட்டினேன். போனவள் வர நேரமாயிற்று. வெறுங்கையோடு வந்தாள். ஆனால் முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அந்தக்கா தரல.”

“இருக்குன்னு சொன்னாளா?”

“ஆமா. இருக்கு, தரமாட்டேன்னாங்க. அது போட்டா மொதல்ல நல்லாருக்குமாம், பொறவு தோலு மெலிஞ்சு இன்னும் மோசமாயிருமாம். லைட்டுக்குக் கீழ நிப்பாட்டி மொகத்தத் தொட்டுப் பாத்தாங்க. திருநவேலில தோல் டாக்டர்ட்டப் போகணும்னாங்க.”

எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது.

“நான் தொட்டா வலிக்கும். அவ தொட்டா வலிக்காதோ?”

“அவங்க அழலம்மா. நீ தொட்டா அழுத.”

பெற்றவள் அழாமல் எப்படித் தொடுவது என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

திருநெல்வேலிக்கு அப்பாவும் மகளும் போய்வந்தார்கள். டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும், பூசுவதற்குக் களிம்பும் எழுதியிருந்தார். மூன்று மாதம் விடாமல் சாப்பிடவேண்டும், அதற்கு மேல் கூடாது என்றாராம். மாத்திரைக்கு ‘டாக்ஸி’ என்று பெயர் சொன்னாள் மகள். பெரிய பெயராம், கடையில் எல்லாரும் சுருக்கி அப்படித்தான் சொல்வார்களாம்.

“டாக்ஸியா? மொகத்துக்கும் வண்டி பிடிச்சாச்சா” என்றார் என் வீட்டுக்காரர். ரொம்ப நாளைக்குப் பிறகு மகள் சிரித்தாள்.

அது ஆன்டிபயாட்டிக் என்றார்கள். அந்த ஜாதி மாத்திரை எல்லாமே உடம்புக்குச் சூடு. எங்கள் பக்கத்தில் சூட்டு மாத்திரைக்குப் பால் கொடுக்காத தாய் கிடையாது. நானும் கொடுத்தேன். தினமும் ராத்திரி பாலைக் காய்ச்சி, ஆற்றி, ஏடு எடுத்து, மாத்திரையோடு கையில் கொடுப்பேன். முகத்தைத் தொடவிடாத பிள்ளை அந்தத் தம்ளரை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நிற்பேன். அந்த வருஷத்தில் எனக்கென்று அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வாரங்கள் போயின. முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வீட்டில் வேறொன்று நடந்தது. தலையணை உறை, துண்டு, எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. எங்கள் தறியில் ஓடிய நல்ல மயில்கழுத்து நிறத் துண்டு. என் வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“ஏளா, சாயம் நிக்கல. பட்டறைக்காரன் நம்மள ஏமாத்திட்டான்.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாயப்பட்டறைக்குச் சண்டைக்குப் போனார். பட்டறைக்காரர் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தே காட்டினாராம். “அண்ணாச்சி, நம்ம சாயம் போனா மொத்தமாப் போவும். இப்படித் தேமல் விழுந்த மாதிரியா போவும்? இது ஆரோ எதையோ ஊத்தினதுல்லா” என்றாராம். இரண்டு பேருக்கும் தடித்த வார்த்தை வந்துவிட்டது. திரும்பி வருகிற வழியில் மருந்துக்கடைக்காரி கூப்பிட்டிருக்கிறாள்.

“அய்யா, அது கோமதி பூசுத களிம்பு. சாயத்தத் தின்னுரும். வெள்ளத் துணியில மொகம் தொடைக்கச் சொல்லிருந்தேனே, சொல்லலியா?”

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பட்டறைக்காரரிடம் போய்ச் சமாதானம் பேசி, காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் தலைவைத்துப் படுக்கிற தலையணையில் என்ன ஆகும் என்று தெருமுனையில் நிற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதே வீட்டில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிறவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“பாலு குடுக்கீங்களாமே அம்மா.”

“குடுக்கேன். பெத்தவ குடுக்காம வேற ஆரு குடுப்பா?”

“மாத்திரைக்கு ஆரும் குடுக்கக் கூடாது.”

வாசலில் வந்தவளை நிற்கவைத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மகளுக்கு வைத்திருந்த பாலையே தம்ளரில் ஊற்றி நீட்டினேன். வேண்டாம் என்பாள், அதை வைத்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவள் வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

“பாலு நல்லாருக்கும்மா. பாலுல குத்தமில்ல. இந்த மாத்திரைதான் பாலக் கண்டா அது கூடவே போயிரும். ஒடம்புல முழுசாச் சேராது.”

“ஓடிப்போற மாத்திரையையா டாக்டரு எழுதிக் குடுத்தாரு?”

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். குழி விழுந்த கன்னம் சிரிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு தம்ளர் நெறைய தண்ணி குடுங்க. தின்ன ஒடனே படுக்க விடாதீங்க, மாத்திரை தொண்டையில நின்னா புண்ணாக்கிரும். பால காலைல குடுங்க.”

“காலைல பாலு எல்லா வீட்டுலயும்தான் குடுக்காவ.”

இதை ஏன் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ராத்திரித் தண்ணியும் நீங்களே குடுங்கம்மா. படுக்காம ஒரு அரமணி நேரம் பக்கத்துல உக்காத்தி வச்சிப் பேசிக்கிட்டு இருங்க.”

என் வீட்டில், என் பிள்ளைக்கு, நான் செய்ய ஒரு வேலையை அவள் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரி தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் உட்காரவும் வைத்தேன். அந்த அரைமணி நேரமும் மகள் அவளைப் பற்றியே பேசினாள்.

அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தேன். தலைவலி என்று சொல்லிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். தலைவலி இருந்தது உண்மைதான், ஆனால் மாத்திரை தின்கிற அளவுக்கு இல்லை. ஊரில் எல்லாருக்கும் தரமாட்டேன் என்கிறாளே, எனக்கும் சொல்லட்டும், ஏன் வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று என்னையும் லைட்டுக்குக் கீழே நிறுத்திக் கேட்கட்டும் என்று இருந்தது. அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு மாத்திரையைக் கத்தரித்து உறையில் போட்டு நீட்டினாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா. சாப்பிட்டுட்டுப் போடுங்க.”

கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மற்ற கடைக்காரர்கள் எனக்குச் செய்கிற மாதிரியே செய்துவிட்டாள். அந்த மாத்திரையை நான் தின்னவில்லை.

மகள் முகம் தெளிய ஆரம்பித்தது. சீழ் வற்றியது, சிவப்பு மங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் சீவிவிட்டேன். இழுத்தே சீவினேன். அவள் தலையை நேராக வைத்துக் கொடுத்தாள். சரி, பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. மாத்திரையும் முடிந்தது. நாலைந்து நாளில் மூக்கோரத்தில் ஒரு பரு எழும்பியது. ஒன்றே ஒன்று. மகள் ஓட்டமாகக் கடைக்குப் போய் இன்னொரு அட்டை கேட்டிருக்கிறாள். அதே பதில்தான்.

“ரொம்ப நாளு தின்னா கிருமி அந்த மருந்துக்குப் பழகிருமாம்மா. நாளைக்கு வேற ஏதும் பெரிய நோவு வந்தா அப்ப மருந்து கேக்காதாம். களிம்ப மட்டும் விடாமப் போடணுமாம். திரும்ப நெறைய வந்தா டாக்டர்ட்டப் போகச் சொல்லுதாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா” என்று என்னிடம் வந்து அழுதாள்.

என்னிடம் வந்து அழுதாள். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கடைக்காரி கொடுக்காததை நான் கொடுக்கிற வேளை வந்துவிட்டது. காலி அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு கடைக்கு நடந்தேன். யாருக்கு, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைக்காரர் காலி அட்டையைப் பார்த்தார், புது அட்டையை எடுத்துக் கொடுத்தார். நல்ல வெயில். எனக்கு வெயிலே தெரியவில்லை.

“இந்தா. ஒங்கக்கா தரமாட்டேன்னா. ஒங்கம்மா தாரேன்.”

மகள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடம் போனதும் பார்த்தேன், அங்கே இல்லை. தின்ன ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் வந்தவள் பையிலிருந்து அதை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

“அக்காட்டக் காட்டினேன்.”

“என்ன சொன்னா? என்னைய வைதாளா?”

“இல்லம்மா. ‘ஒங்கம்மா ஒனக்காக வெயில்ல அலைஞ்சு வாங்கிட்டு வந்துருக்காங்க. அவங்கள ஒரு வார்த்த கூடச் சொல்லிராத. மெதுவாத் திருப்பிக் குடுத்துரு’ன்னாங்க.”

வைதிருந்தால் நான் தெருவில் இறங்கி ஒரு கை பார்த்திருப்பேன். என் மகளிடம் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். நான் பத்து மாதம் சுமந்த பிள்ளையிடம், என்னை நோகடித்துவிடாதே என்று சொல்ல இவள் யார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மூக்கோரத்துப் பரு தானாக அமுங்கிப் போயிற்று.

மகளை டீச்சருக்குப் படிக்கவைக்கலாம் என்று இருந்தேன். அவள் மருந்தாளுநர் படிப்புக்குத்தான் போவேன் என்று ஒரே பிடியாக நின்று போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, தெரிந்ததைக் கேட்பானேன். அவள் படித்துக்கொண்டிருந்தபோதே மருந்துக்கடைக்காரி கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அதற்குப் பிறகு சேதி இல்லை. கடையில் இப்போது வேறு ஆள். என்ன கேட்டாலும் தருவார், இல்லாவிட்டால் ‘வரணும்’ என்பார். யாரும் அங்கே நின்று பேசுவதில்லை.

மகளுக்குத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே மாப்பிள்ளை. முதல் பிள்ளை பெண். எங்கள் பக்கத்து முறைப்படி அதற்கு மாப்பிள்ளையுடைய அம்மா பெயர். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் அதற்குப் பெற்றவளின் அம்மா பெயர், அதாவது என் பெயர். போன மாசி மாதம் இரண்டாவதும் பெண்ணாகவே பிறந்தது. எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்து ஆறுதல் சொன்னார்கள், நான் ஒருத்திதான் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன்.

தொட்டில் போட்டுப் பெயர் வைக்கிற அன்றைக்குக் காலையில் மகள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அம்மா, கோவப்படக் கூடாது. பிள்ளைக்கு அந்தக்கா பேரு வைக்கப் போறேன்.”

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.

“ஒம் பேரு வைக்கணும்னு ஊருக்கே தெரியும். ஆனா அந்த வருசம் நான் எப்படி இருந்தேன்னு ஒனக்குத் தெரியாதும்மா. இருக்கவே வேண்டாம்னு ரெண்டு மூணு தடவ நெனச்சிருக்கேன்.”

“அவளுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வந்தவர்களுக்கு இலை போடச் சொன்னேன். பாயசத்துக்கு ஏலக்காய் போட்டார்களா என்று பார்த்தேன்.

பிள்ளையை மடியில் வைத்து, மாப்பிள்ளையின் அக்காள் முதலில் காதில் பெயரைச் சொன்னாள். பிறகு அவருடைய அம்மா, பிறகு மற்றவர்கள். ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ‘நல்ல பேரு, நல்ல பேரு’ என்றார்கள். பழைய தெருக்காரர்கள் சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா, நீ சொல்லு” என்று மகள் பிள்ளையை என் மடியில் கொடுத்தாள்.

முந்தானையால் பிள்ளையின் தலையை மறைத்துக்கொண்டு குனிந்தேன். வசம்பு வாசம் அடித்தது. காது ஒரு கடலைப் பருப்பு அளவுதான் இருந்தது. அந்தக் காதில் வாயை ஒட்டி வைத்து, என் பெயரைச் சொன்னேன். மூன்று தரமும் என் பெயரைத்தான் சொன்னேன்.

“சத்தமாச் சொல்லும்மா, யாருக்கும் கேக்கல” என்றாள் மகள்.

“பிள்ளைக்குக் கேட்டிருச்சு” என்றேன்.